மலை ஏரித் தண்ணியையும் எங்கட கிணத்துத் தண்ணியையும் ஒரே மீற்றரால வருசக்கணக்கா அளந்து பாக்கிறது எப்பிடி

போன ஆவணி மாசம் சுவிஸில இருக்கிற அக்கா மலைக்கு மேல ஒரு சின்ன ஏரிக்கரையில நிண்டு வீடியோ கோல் எடுத்தவா. சுத்திவரக் கல்லுத்தான், ஒரு மரம் இல்லை, தண்ணி அடி தெரியிற மாதிரித் தெளிவாக் கிடக்கு. அதுக்கு முதல் வருசம் அவ லீவில வந்து நிக்கேக்க, தண்ணிக்க வச்சா மின்கடத்துதிறன் காட்டுற பேனை மீற்றர் ரெண்டு ஒரே மாதிரி வாங்கி ஒண்டை அவவிட்டக் குடுத்து விட்டனான். அதை எடுத்து ஏரிக்க வச்சுப் பாத்திட்டு "தம்பி 14 எண்டு காட்டுது, உது பழுதாப் போச்சு போல" எண்டா. ஏனெண்டால் யாழ்ப்பாணம் உரும்பிராயில எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியில அதே மீற்றர் 1180 காட்டினதை அவ தன்ர கண்ணால பாத்தவா.

மீற்றர் பழுதில்லை. ரெண்டும் சரியான இலக்கம். அந்த 14க்கும் 1180க்கும் நடுவில இருக்கிற கதையைத்தான் எழுதப் போறன், அதோட உங்களிட்ட ஒரு சின்ன மீற்றரும் வெளிநாட்டில மலைப்பக்கம் போற ஒரு சொந்தமும் இருந்தா நீங்களும் எப்பிடி இதைச் செய்யலாம் எண்டும் சொல்லுறன். எங்கட ஆக்களில சுவிஸ், ஒஸ்ரியா, நோர்வே, கனடா எண்டு மலை இருக்கிற இடத்தில ஆரும் ஒராளாவது இல்லாத வீடு குறைவு. ஏ எல் பிள்ளையளுக்கு இது நல்ல புறொஜெக்ற்றும் ஆகும்.

முதல்ல அந்த இலக்கம் என்ன எண்டு விளங்க வேணும். சுத்தமான தண்ணி மின்சாரத்தைக் கடத்தாது எண்டே சொல்லலாம், தண்ணிக்க கரைஞ்சு கிடக்கிற அயன்கள்தான் கடத்துது: கல்சியம், மகனீசியம், சோடியம், இருகாபனேற்று, சல்பேற்று, குளோரைட்டு, நைத்திரேற்று. எவ்வளவு கரைஞ்சிருக்கோ அவ்வளவுக்கு இலக்கம் கூடும். அலகு மைக்ரோசீமன்ஸ், ஒரு சென்ரிமீற்றருக்கு. எங்கட யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, மழைத்தண்ணி மண்ணுக்க இறங்கேக்க காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கல்லைக் கரைச்சுக்கொண்டுதான் கிணத்துக்கு வருது. கேத்திலுக்குள்ள பாத்தால் அடியில வெள்ளையா ஓடு மாதிரிப் பிடிச்சிருக்குமே, சுரண்டினால் பாளம் பாளமாக் கழரும், அது நிலத்துக்குக் கீழ கரைஞ்ச கல்லு உங்கட குசினியில திரும்பவும் கல்லானதுதான். மலை உச்சியில இருக்கிற ஏரிக்கு அடியில கருங்கல்லு மாதிரியான கல்லு, லேசில கரையாத சாதி, மேல இருந்து விழுற மழையும் பனியும் அப்பிடியே ஏரிக்கு வந்திடும், தண்ணி கல்லோட கதைக்கிறதுக்கு நேரமே இல்லை. அதாலதான் 10, 14, 20 எண்டு மழைத்தண்ணிக்குக் கிட்டவா நிக்கும்.

இப்ப விசயத்துக்கு வாறன். இத்தாலியில, ஒஸ்ரியா எல்லைக்குக் கிட்ட, ராசஸ் எண்டு ஒரு மலை ஏரி இருக்கு. அங்க 1985ல இருந்து ஒரு இருவது வருசம் அளந்து பாத்ததில மின்கடத்துதிறன் 18 மடங்காக் கூடினது. பதினெட்டு வீதமில்லை, பதினெட்டு மடங்கு. பக்கத்தில ஊரில்லை, தோட்டமில்லை, தொழிற்சாலையில்லை. 2007ல அந்த ஆராய்ச்சி வெளியில வரேக்க இன்னொண்டும் சொன்னவை, தண்ணியில நிக்கல் குடிதண்ணிக்கு விட்ட எல்லையை விடப் பத்து மடங்குக்கும் மேல இருந்தது. ஒஸ்ரியாவில சோல்டன் ஊருக்கு மேல இருக்கிற கறுப்பு ஏரியிலும் அதே காலத்தில 3 மடங்கு கூடினது. ரெண்டு ஏரிக்கும் மேல இருக்கிற மலைச்சரிவில கல்லுக்குவியலுக்க பனிக்கட்டி ஒளிஞ்சு கிடக்கு. வெளியில பாத்தால் வெறும் கல்லு மேடு, உள்ளுக்க ஐஸ், அது மெல்ல மெல்லக் கீழ நகரும். பாறைப் பனியாறு எண்டு சொல்லலாம். சூடு கூடக் கூட அந்த உள் ஐஸ் உருகுது, அதுக்க அடைபட்டுக் கிடந்ததெல்லாம் ஏரிக்கு வருது எண்டதுதான் அவையின்ர முடிவு.

ஐஸ் உருகினால் நல்ல தண்ணி தானே வரவேணும், ஏன் உப்புக் கூடுது எண்டு அக்கா கேட்டவா. நல்ல கேள்வி. இதுக்கு நான் ஐஸ்பழத்தைத்தான் சொன்னனான். சின்னனில ஐஸ்பழ வான் வந்தா வாங்கி உறிஞ்சுவம் என்ன, முதல் உறிஞ்சேக்க கலரும் இனிப்பும் எல்லாம் வாய்க்க வந்திடும், கடைசியில தடியில மிஞ்சுறது வெள்ளை வெறும் ஐஸ். தண்ணி உறையேக்க தனக்குள்ள வேற சாமானை வச்சிருக்க விரும்பாது, அதையெல்லாம் ஓரத்துக்கும் இடுக்குக்கும் தள்ளிப்போடும், பேந்து உருகத் தொடங்கேக்க முதல் உருகிற தண்ணி அந்த இடுக்கில கிடந்ததை எல்லாம் கழுவிக்கொண்டு வந்திடும். மலையில ஒவ்வொரு வசந்தத்திலும் இது நடக்கிறதுதான், பனி உருகத் தொடங்கி முதல் மூண்டில ஒரு பங்கு தண்ணியோடயே பனியில இருந்த அயன்களில பாதிக்கு மேல வெளியில போயிடும்.

இதை வீட்டில செய்து பாருங்கோ, பத்துப் பக்கம் வாசிக்கிறதை விட இது நல்லா விளங்கும். ஒரு லீற்றர் மழைத்தண்ணி இல்லாட்டி வடிதண்ணியில ஒரு சின்னச் சிட்டிகை உப்புப் போட்டு நல்லாக் கலக்கி மீற்றரை வச்சு இலக்கத்தை எழுதுங்கோ. முக்கால் லீற்றர் அளவு பிளாஸ்ரிக் போத்திலில விட்டு (நிரப்பிப் போடாதேங்கோ, உறையேக்க வெடிக்கும்) பிறிட்ஜில ஐஸ் பிடிக்கிற மேல் தட்டில ரெண்டு நாள் வையுங்கோ. பேந்து எடுத்து மூடியைக் கழட்டித் தலைகீழாக் கவிட்டு வச்சு, முதல் வடியிறதை ஒரு ரம்ளரில, நடுவில வடியிறதை இன்னொண்டில, கடைசிக் கட்டி உருகினதை மூண்டாவதில பிடியுங்கோ. மூண்டும் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு அளவுங்கோ. எங்கட வீட்டில முதல் ரம்ளர் தொடக்கத் தண்ணியை விட நாலு மடங்கு காட்டினது, கடைசி ரம்ளர் கிட்டத்தட்ட மழைத்தண்ணி. எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள் மூண்டு ரம்ளரையும் நாக்கு நுனியில தொட்டுப் பாத்து எது முதல் எண்டு சரியாச் சொல்லிப்போட்டா.

ஆனா ஐஸ்பழம் மட்டும் முழுக்கதை இல்லை. சூடு கூடினதால வேறயும் ரெண்டு மூண்டு வேலை நடக்குது. ஐஸ் போன இடத்தில அதுவரைக்கும் மூடிக் கிடந்த கல்லு காத்தையும் தண்ணியையும் புதுசாக் காணுது. அதுக்க பைரைற்று எண்ட இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருந்தால் ஒட்சிசன் பட்டு சல்பூரிக் அமிலம் உண்டாகும், அந்த அமிலம் மற்றக் கல்லையும் கரைச்சு மகனீசியம், கல்சியம், அலுமினியம், சில இடத்தில நிக்கல், நாகம் (சிங்க்) எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு வரும். ஓடையில கல்லெல்லாம் துருப்பிடிச்ச செம்மஞ்சள் நிறமா இருந்தால் அது இரும்பு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாப் பூசிக் கிடந்தால் பெரும்பாலும் அலுமினியம். பனி மூடிக் கிடக்கிற மாசங்கள் குறைஞ்சால் கல்லுக் கரையிற மாசங்கள் கூடும் எண்டதும் இருக்கு. மத்திய அல்ப்ஸ் மலையில 57 ஏரியை 1985லும் பிறகு 1995லும் அளந்து பாத்து 1997ல எழுதினவை: வானத்தில இருந்து விழுற சல்பேற்று குறைஞ்ச காலத்திலயே ஏரிக்குள்ள சல்பேற்றும் கல்சியமும் மகனீசியமும் கூடியிருக்கு, பீஎச் பெறுமானமும் ஏறியிருக்கு, அதாவது அமிலத்தன்மை குறைஞ்சிருக்கு. ஒரு பாகை அளவு சூடு கூடினது காணும் அதுக்கு.

சரி, இப்ப கையில எடுக்க வேண்டிய சாமான்.

மீற்றர் வாங்கேக்க ரிடிஎஸ் (கரைஞ்ச திண்மங்களின்ர மொத்தம்) மட்டும் காட்டுறதை வாங்காதேங்கோ, ஈசி (மின்கடத்துதிறன்) எண்டு மைக்ரோசீமன்ஸில ஒவ்வொண்டாக் காட்டுறதை வாங்குங்கோ. ரிடிஎஸ் எண்டது அளக்கிற இலக்கம் இல்லை, கடத்துதிறனை மீற்றர் தானே அரைவாசியாலயோ 0.7 ஆலயோ பெருக்கிக் காட்டுறது, எந்தப் பெருக்கம் எண்டு பெட்டியில சிலவேளை எழுதியும் இருக்காது. கிணத்துக்கு அது பெரிசாத் தெரியாது, ஆனா 14 இருக்கிற ஏரியில 7 எண்டு காட்டினால் அடுத்த வருசம் 8 ஆனது உண்மையா மாறினதோ மீற்றரின்ர தடுமாற்றமோ எண்டு கண்டுபிடிக்கேலாது. வெப்பநிலையும் காட்டுறதாப் பாருங்கோ. தண்ணி ஒரு பாகை சூடாக மின்கடத்துதிறன் ஏறக்குறைய 2 வீதம் கூடும், நல்ல மீற்றர் எல்லாத்தையும் 25 பாகைக்குத் திருத்தித்தான் காட்டும். அந்தத் திருத்தம் இல்லாத மீற்றர் எண்டால் 10 பாகை மலைத்தண்ணியை 30 வீதம் குறைச்சுக் காட்டிப்போடும், பிறகு வெயில் நாளில அளந்திட்டு ஐயோ கூடிப்போச்சு எண்டு பயப்பிடுவீங்கள்.

அதோட திருத்தக் கரைசல், கடத்துதிறன் எவ்வளவு எண்டு முதலே தெரிஞ்ச கரைசல், அதில வச்சுத்தான் மீற்றரைச் சரிபாத்துத் திருத்திறது. சின்னப் பக்கற்றில விக்கிறது 1413 மைக்ரோசீமன்ஸ், அது எங்கட கிணத்துக்குச் சரி. மலைக்குப் போற மீற்றருக்கு 84 எண்ட கரைசல் தேவை. இதை நான் முதல் வருசம் கவனிக்கேல்லை, 1413ல மட்டும் திருத்திப்போட்டு அக்காவிட்டக் குடுத்தனான், அதால அந்த 14 எண்டதில ஒண்டு ரெண்டு அங்கால இங்கால இருக்கலாம். கழுவுறதுக்கு வடிதண்ணி, வாகனப் பற்றறிக்கு விடுற தண்ணி எண்டு கேட்டால் கடையில தருவினம், அமிலத்தைத் தராமல் தண்ணியைத் தான் தந்தவையோ எண்டு லேபிளை வடிவாப் பாத்து வாங்குங்கோ. அந்தத் தண்ணியிலயே மீற்றரை ஒருக்கால் வச்சுப் பாருங்கோ, 5க்குக் கீழ நிண்டால் நல்லது. ஒரு கொப்பி, ஈயப் பென்சில் (பேனை மழைக்கும் பனிக்கும் கரையும்), மூடி இறுக்கமான ரெண்டு போத்தில். அவ்வளவுதான்.

மலைக்குப் போறவைக்கு. ஏரிக்கரையில எங்கயும் அளக்காதேங்கோ, ஏரியில இருந்து தண்ணி வெளியில ஓடுற வாய்க்காலடியில அளவுங்கோ, ஏனெண்டால் முழு ஏரித்தண்ணியும் கலந்து வாற இடம் அதுதான். கரையோரத்தில ஆடுமாடு தண்ணி குடிச்ச இடமாயிருக்கும், இல்லாட்டி ஒரு சின்ன ஊத்து வந்து விழுற மூலையாயிருக்கும், ஒரு முழத்துக்கு ஒரு இலக்கம் வரும். நிண்ட கல்லையும் பின்னால இருக்கிற மலையையும் சேத்து ஒரு படம் எடுங்கோ, அடுத்த வருசம் அதே கல்லில நிக்க வேணும். மீற்றரை அந்தத் தண்ணியிலயே மூண்டு தரம் அலசிப்போட்டு வையுங்கோ, ஐதான தண்ணியில கையில இருக்கிற வேர்வை ஒரு துளியே காணும் இலக்கத்தைக் குழப்ப. விரலை வைக்காதேங்கோ. உடன காட்டுற இலக்கத்தை எழுதாதேங்கோ, இப்பிடி ஐதான தண்ணியில அசையாமல் நிக்க ரெண்டு நிமிசம் எடுக்கும்.

பிறகு ஏரிக்கு உள்ள வாற ஓடைகளையும் தனித்தனியா அளவுங்கோ. எனக்கு இதுதான் மிச்சம் விருப்பமான பகுதி. நாலு ஓடை வந்து விழும், மூண்டு 10, 12 எண்டு நிக்கும், ஒண்டு மட்டும் 90 எண்டு நிண்டால் அந்த ஒண்டின்ர வழியால மேல பாருங்கோ, அனேகமா ஒரு கல்லுக்குவியலின்ர அடியில இருந்துதான் அது வரும். தண்ணியின்ர சூட்டையும் பாருங்கோ. ஆவணி புரட்டாதி மாசத்தில கூட அந்த ஊத்துத்தண்ணி 2 பாகைக்குக் கீழ இருந்தால் உள்ளுக்க ஐஸ் இருக்கு எண்டதுக்கு அது நல்ல அடையாளம். கல்லு மேட்டில ஏற வேண்டாம், உள்ள ஐஸ் உருகின மேடு காலுக்குக் கீழ சரியும். பின்னேரம் மலையில இடி வரும், விடியவே போய் மத்தியானத்துக்கு முதல் இறங்கிப் போடோணும்.

எந்த மாசம் எண்டது முக்கியம். 2500 மீற்றர் உயரத்தில ஏரி ஆனி ஆடி வரைக்கும் உறைஞ்சு கிடக்கும், அது உடையிற நேரம் பனித்தண்ணி வந்து எல்லாத்தையும் ஐதாக்கும். கோடையின்ர கடைசியில பனியெல்லாம் போன பிறகு நிலத்துக்கு உள்ளுக்கிருந்து வாற தண்ணிதான் கூட. ஒவ்வொரு வருசமும் அந்தக் கடைசி நேரத்தையே பிடியுங்கோ, அளக்கிறதுக்கு முந்தின மூண்டு நாளும் மழை பெய்ததோ எண்டதையும் எழுதுங்கோ. ஒரு வருசம் ஆனியிலும் மற்ற வருசம் புரட்டாதியிலும் அளந்திட்டு ஒப்பிட்டால் அது எங்கட கிணத்தை மாரியிலும் சித்திரையிலும் அளந்து ஒப்பிட்ட மாதிரித்தான்.

கிணத்துக்கும் அதே ஒழுங்குதான். மோட்டர் போட முதல், விடிய, வாளியால அள்ளின தண்ணியில அளவுங்கோ. தாங்கித் தண்ணியில வேண்டாம், வெயிலில கிடந்து சுண்ணாம்பு கொஞ்சம் படிஞ்சு போயிருக்கும். ஒரு கயித்தில கல்லுக் கட்டி இறக்கி, கிணத்துக் கட்டில இருந்து தண்ணி மட்டம் எவ்வளவு கீழ எண்டும் எழுதுங்கோ, அந்த இலக்கம் இல்லாமல் உப்புக் கூடினதுக்குக் காரணம் சொல்லேலாது. எங்களுக்குக் கீழ நல்லதண்ணி கடல்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டுதான் நிக்குது, கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்லதண்ணி நிண்டால் கீழ 40 அடி வரைக்கும் நல்லதண்ணி இருக்கும் எண்டு கணக்கு. அப்பிடியெண்டால் மேல ஒரு அடி இறைச்சுக் குறைச்சால் கீழ எவ்வளவு சவர் ஏறும் எண்டு பாருங்கோ. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஒருக்கால், தையில ஒருக்கால், சித்திரையில ஒருக்கால், ஆவணியில தண்ணி அடியில கிடக்கேக்க ஒருக்கால், வருசத்துக்கு நாலு தரம் காணும்.

ஆழத்தில இருக்கிற தண்ணியைப் பிடிக்க எங்கட ஆக்கள் செய்யிற ஒரு வழி இருக்கு. கண்ணாடிப் போத்திலின்ர அடியில கல்லுக் கட்டி, வாயைத் தக்கையால தளர்வா அடைச்சு, தக்கைக்கு ஒரு நூலும் போத்திலுக்கு ஒரு கயிறுமா ரெண்டையும் விட்டு இறக்குங்கோ. வேணும் எண்ட ஆழத்தில நூலைச் சுண்டி இழுத்தால் தக்கை கழண்டு தண்ணி ஏறும், குமிழி வந்து முடிஞ்ச பிறகு தூக்குங்கோ. நிலாவரைக் கிணத்தைப் பற்றித் தெரியும் தானே, மேல நல்லதண்ணி, கீழ போகப் போகச் சவர். பாரமான தண்ணி கீழ, பாரம் குறைஞ்சது மேல, ரெண்டும் கலக்காது. மலை ஏரியில உப்பு செய்யிற வேலையைச் சூடு செய்யுது: தண்ணி 4 பாகையிலதான் ஆகப் பாரம், அதால கோடையில சூடான தண்ணி மேலயும் குளிர்த்தண்ணி கீழயுமா நிண்டிடும். உலகம் முழுக்க 235 ஏரிகளில 1985ல இருந்து 2009 வரைக்கும் பாத்ததில கோடைக்கால மேல்தண்ணி பத்து வருசத்துக்கு 0.34 பாகை சராசரியாச் சூடாகியிருக்கு. மேல சூடு கூடினால் அந்தப் பிரிவு கூட நாளைக்கு நிக்கும், கீழ இருக்கிற தண்ணிக்கு ஒட்சிசன் போய்ச் சேராது. சூடான தண்ணி பிடிச்சு வச்சிருக்கிற ஒட்சிசனும் குறைவு, கடல்மட்டத்தில 0 பாகையில ஒரு லீற்றருக்கு 14.6 மில்லிகிராம், 20 பாகையில 9.1, 30 பாகையில 7.6, மலையில 2500 மீற்றர் உயரத்தில இதில முக்கால்வாசிதான். வெயிலில கிடந்த சோடாவைத் திறந்தால் காஸ் எல்லாம் ஒரேயடியாப் போகுதே, அதே கதை. ஒட்சிசன் முடிஞ்சால் ஏரிச் சேத்தில பிடிபட்டுக் கிடந்த இரும்பும் மங்கனீசும் பொசுபரசும் கழண்டு தண்ணிக்கு வரும், பொசுபரசு வந்தால் பாசி வரும்.

பீஎச் பற்றி ஒரு எச்சரிக்கை. மலை ஏரிக்கு பீஎச் தாளை நம்பாதேங்கோ, தண்ணியில அயன் குறைவெண்டால் தாளில இருக்கிற சாயமே தண்ணியின்ர பீஎச்சை மாத்திப்போடும். அதுக்குப் பதிலா அமிலத்தை எவ்வளவு தாங்கும் எண்டதைப் பாருங்கோ. மீன்தொட்டிக் கடையில கேஎச் எண்டு துளி விட்டுப் பாக்கிற பெட்டி விக்கினம், அது காணும். அதுவும் இல்லாட்டி எங்கட முத்தத்தில நிக்கிற செவ்வரத்தம்பூ. நாலு பூவின்ர இதழைச் சுடுதண்ணியில ஊறப்போட்டு வடிச்ச ஊதாச் சாறை, ஒரே மாதிரி ரெண்டு கிளாஸில 50 மில்லிலீற்றர் மழைத்தண்ணியும் 50 மில்லிலீற்றர் கிணத்துத் தண்ணியும் எடுத்து அதுக்க ஒவ்வொரு கரண்டி விடுங்கோ. பிறகு தேசிக்காய்ச் சாறை வடிகட்டித் துளித்துளியா விடுங்கோ. மழைத்தண்ணி முதல் துளியிலயே ரோஸ் நிறமாப் போயிடும். எங்கட கிணத்துத் தண்ணி 18 துளி வரைக்கும் தாங்கினது, ஒவ்வொரு துளிக்கும் விழுந்த இடத்தில ரோஸாகி, கலக்க நிறம் திரும்பிப் போய், திரும்ப ரோஸாகி, திரும்பப் போய், பாக்கவே வடிவு. அந்தத் தாங்கிற சக்தி சுண்ணாம்புக்கல்லு தந்த இருகாபனேற்று. கருங்கல்லு மலை ஏரிக்கு அது இல்லை, அந்த மழைத்தண்ணிக் கிளாஸ் மாதிரித்தான் அது, கொஞ்சம் அமிலம் வந்தாலே அடிபட்டுப் போகும், அதாலதான் உலகத்தில எங்க காத்து மாறினாலும் சூடு மாறினாலும் இந்த ஏரிகளில முதல் தெரியுது.

இனி இலக்கத்தை வாசிக்கிறது. இதிலதான் பிழை விடுறது கூட.

ஒரு ஏரியை இன்னொரு ஏரியோட ஒப்பிடாதேங்கோ. சுண்ணாம்புக்கல்லு மலையில 200 இருக்கிற ஏரி சுகமா இருக்கும், கருங்கல்லு மலையில 40 ஆனது பெரிய மாற்றமா இருக்கும். ஒரு ஏரிக்கு ஒப்பிட அதே ஏரிதான், அதே கல்லு, அதே மாசம். ஒரு வருசக் கூடுதலை வச்சுச் சூடுதான் காரணம் எண்டு சொல்லாதேங்கோ, மழை குறைஞ்ச வருசத்தில எல்லாம் தானாத் தடிக்கும். அஞ்சு வருசம் வரைபுத்தாளில புள்ளி போட்டுக் கோடு ஒரே பக்கம் போகுதோ எண்டு பாருங்கோ. நுவரெலியாவுக்கு ஸ்கூல் ரிப் போகேக்க கிரகரி ஏரியில அளந்துபோட்டு மலை ஏரி எண்டு கொப்பியில ஒண்டாச் சேக்கிற பிள்ளையள் இருக்கினம். அது 1873ல ஆளுநர் கிரகரி காலத்தில வெட்டினது, கிட்டத்தட்ட 1870 மீற்றர் உயரம், அங்க ஏரி உறையிறதில்லை, சுத்திவர மரக்கறித் தோட்டமும் ஊரும். அதில கூடினால் பசளையையும் கழிவுத்தண்ணியையும்தான் முதல் நினைக்க வேணும். அதை அளவுங்கோ, தனிப் பக்கத்தில எழுதுங்கோ. கயிலாய யாத்திரை போனவை கொண்டுவந்து சாமியறையில வச்சிருக்கிற மானசரோவர் தீர்த்தத்தையும் ஆரோ அளக்கக் கேட்டவை, வருசக்கணக்காப் போத்திலில நிண்ட தண்ணி மூடிக்கால ஆவியாகி, உள்ள ஏதும் படிஞ்சு மாறியிருக்கும், அந்த இலக்கத்துக்கு ஏரியோட சம்பந்தமில்லை. தீர்த்தத்தைத் தீர்த்தமாவே வச்சிருங்கோ.

நிறத்தை வச்சும் முடிவெடுக்காதேங்கோ. பனியாறு அரைச்ச கல்லுமா தண்ணியில மிதந்தால் ஏரி பச்சை கலந்த நீலமா இருக்கும், பனியாறு பின்வாங்கிப் போக மா அடங்கித் தண்ணி தெளிஞ்சிடும், படத்தில பாக்க முந்தியை விட வடிவா இருக்கும். சுவிஸில 1850க்குப் பிறகு பனியாறு விட்டுப்போன பள்ளங்களில ஏறக்குறைய 1200 புது ஏரி வந்திருக்கு, 2022, 2023 ரெண்டு வருசத்தில மட்டும் அந்த நாட்டுப் பனியாறுகள் பத்தில ஒரு பங்கை இழந்து போச்சு. அப்ப அக்காவையள் போய் அளக்கப் புது ஏரியள் வந்துகொண்டே இருக்கப் போகுது, ஒவ்வொண்டுக்கும் முதல் வருச இலக்கம் ஆரும் எழுதினால்தான் இருக்கும்.

இந்த மீற்றருக்குத் தெரியாததும் இருக்கு, அதைச் சொல்லாமல் விட்டால் பிழை. எவ்வளவு கரைஞ்சிருக்கு எண்டு சொல்லும், எது கரைஞ்சிருக்கு எண்டு சொல்லாது. ஐரோப்பாவில குடிதண்ணிக்கு நிக்கல் எல்லை ஒரு லீற்றருக்கு 20 மைக்ரோகிராம், அது 200 ஆனாலும் மீற்றரில ஒரு இலக்கம் அசையிறதே அரிது, நாக்குக்கும் தெரியாது. சுவிஸில ஓபரார் அணை ஏரியின்ர சேத்தில, தடை செய்து வருசக்கணக்கான பிறகும் 1990களின்ர கடைசியில இருந்து டிடிரி பூச்சிமருந்து மாதிரியான பழைய நஞ்சுகள் திரும்பக் கூடினதைக் கண்டவை, முந்திப் பனியில விழுந்து உறைஞ்சு கிடந்தது உருகி வந்தது, அதையும் இந்த மீற்றர் காணாது. கடத்துதிறன் ஏறுது எண்டால் ஆய்வுகூடத்துக்குக் குடுத்துப் பாக்க வேணும் எண்ட மணியடிப்பு மட்டும்தான் அது. எங்கட செம்மண் தோட்டப் பக்கக் கிணறுகளுக்கும் இதேதான், நைத்திரேற்று எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம், பசளை கூடப் போடுற இடங்களில அது தாண்டுறது தெரிஞ்ச விசயம். கொதிக்க வச்சால் போகாது, தண்ணி வத்தி இன்னும் தடிக்கும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடெண்டால் மீற்றரை நம்பி இருக்காமல் ஒருக்கால் நைத்திரேற்று பரிசோதிச்சுப் போடுங்கோ.

எழுதி வைக்கிற முறை ஒண்டு சொல்லிவிடுறன். எங்கட கொப்பியில இடப்பக்கம் கிணறு, வலப்பக்கம் அக்காவின்ர ஏரி. திகதி, நேரம், தண்ணிச் சூடு, கடத்துதிறன் மூண்டு தரம் அளந்த மூண்டு இலக்கமும் (சராசரி மட்டும் எழுதாதேங்கோ), கடைசியா மீற்றர் திருத்தின நாள், மழை. அக்கா மீற்றர் முகத்தையும் தண்ணியையும் ஒரே படத்தில எடுத்து வாட்ஸ்அப்பில போடுவா, நான் அண்டைக்கே கொப்பியில எழுதிப்போட்டுப் படத்தைத் தனி ஃபோல்டரில வச்சிருவன், போன் மாறினால் எல்லாம் போயிடும் எண்ட பயத்தில. இந்த முறை 84 கரைசல் ரெண்டு பக்கற் அவ அங்கயே வாங்கிப்போட்டா, புரட்டாதி முதல் கிழமை திரும்பவும் அந்த ஏரிக்குப் போறா, வாய்க்காலடியில தட்டையா ஒரு கல்லு, இடப்பக்கம் வெடிச்சது, அதில நிண்டுதான் அளக்க வேணும் எண்டு போன வருசப் படத்தை நேத்தும் ஒருக்கால் அனுப்பி வச்சிருக்கிறன்.